பட்டினமும் குப்பமும்

சைதாப்பேட்டையில் குடியிருப்பவர்களுக்குச் சமுத்திரத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்டால், "மீன் மார்க்கெட்தான்" என்று பட்டென்று பதில் வரும். நியாயமான பதில்தான். விடியற்காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கே அழைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் இதைவிடப் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. எங்கள் பேட்டையைத் தொட்டுக்கொண்டு போகும் அடையாறு, நாலைந்து மைல் கிழக்கே சென்று கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் மேல் முன்னொரு காலத்தில் மர்மலாங் பாலம் என்று ஒரு பாலம் இருந்தது. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி 1726-ஆம் ஆண்டில் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. பரங்கிமலைக்குப் போகிற பக்தர்கள் கால் நனையாமல் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மணிலா வரையில் கப்பல் வியாபாரம் செய்தவர் அவர். கடலில் சம்பாதித்த பணம் சைதாப்பேட்டையில் பாலமாக நின்றது. இப்போது அந்தப் பாலம் போய், மறைமலையடிகள் பெயரைத் தாங்கிய வேறு பாலம் இருக்கிறது.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் நண்பர். பக்கத்துத் தெருக்காரர், பள்ளிக்கூடத்தில் சரித்திர உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். சில பேருக்கு ஓய்வு பெற்றதும் பேரக் குழந்தைகளிடம் பிரியம் உண்டாகும். அவருக்குக் கோட்டைகளிடம் பிரியம் உண்டாயிற்று. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, சோழமண்டலக் கரையில் எத்தனை துறைமுகப் பட்டினங்கள் இருந்தன, எந்த எந்தத் தேசத்தார் எங்கெங்கே கோட்டை கட்டினார்கள் என்று ஜாபிதா தயாரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் நாவல் எழுதுகிறவர். வீட்டுக்குள் உட்கார்ந்து எத்தனை நாளைக்குத்தான் கற்பனை செய்வீர்கள், சார்? என்னோடு புறப்படுங்கள். அடையாற்று முகத்துவாரத்திலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் பார்த்துவிட்டு வருவோம்" என்றார்.

அப்போது எனக்கு எழுத வேண்டிய தொடர்கதை ஒன்று தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டிருந்தது. உடனே சம்மதித்துவிட்டேன். ஒரே மூச்சில் அல்ல. பல ஞாயிற்றுக்கிழமைகளாகவும், நடுவில் ஒரு நாலு நாள் பிரயாணமாகவும் அந்த யாத்திரை நடந்தது.

எங்களுக்கு முன்னாலேயே இந்தக் கரையைப் பற்றி எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. அவர் கிரேக்க மொழியில் எழுதிய வியாபாரி, எகிப்திலிருந்து வந்து போனவர், பெயர் தெரியாது. சுமார் 1,950 வருஷங்களுக்கு முன் அவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல் வழிகாட்டியில், நம் கிழக்குக் கரையில் காமரா, பொடுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறார். காமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொடுகே என்பது புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்கள் இங்கே உண்டு, அவற்றுக்குச் 'சங்கரா' என்று பெயர் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

சங்கரா என்றதும் எங்கள் பேட்டைக்காரர்களுக்குக் குழம்பு ஞாபகம் வரும். இது அந்தச் சங்கரா அல்ல. நம்முடைய 'சங்காடம்' என்ற சொல்தான் கிரேக்கர் வாயில் விழுந்து இப்படி ஆகியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள்.

*

முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆற்றின் கடைசி வாசலைப் பார்க்கப் போனோம். பெசன்ட் நகருக்கு வடக்கே, பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குக் கிழக்கே, ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன. குப்பத்தைத் தாண்டி மணலில் நடந்தால் முறிந்த பாலம் தெரியும். 1967-ல் கட்டி, 1977-ல் இடிந்து விழுந்த பாலம். பத்து வருஷம்தான் ஆயுசு. அதற்கு அப்பால் அடையாறு கடலோடு சேரும் இடம்.

சேரும் என்று நான் எழுதிவிட்டேன். உண்மையில் வருஷத்தில் பாதி நாள் நடுவிலே மணல்மேடு விழுந்து ஆற்றையும் கடலையும் பிரித்துவைக்கிறது. எங்கள் சைதாப்பேட்டையில் அடையாறு பெரும்பாலும் ஓடுவதில்லை, யோசித்துக்கொண்டு நிற்கிறது. 2015 டிசம்பரில் மட்டும் யோசனையை ஒரே இரவில் கைவிட்டுவிட்டு எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

குப்பத்தில் ஒரு பெரியவர் படகு நிழலில் உட்கார்ந்து நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தோம். "என்னா பார்க்க வந்தீங்க?" என்று கேட்டார். கடலைப் பார்க்க வந்தோம் என்றேன்.

"காத்து எந்தப் பக்கத்திலேருந்து அடிக்குது, சொல்லுங்க சார்" என்றார்.

நான் விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தேன். நண்பர் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். இருவரும் இரண்டு திசையைச் சொன்னோம். பெரியவர் சிரிக்கவில்லை. பொறுமையாக எங்களுக்குப் பாடம் நடத்தினார். வடக்கேயிருந்து வருவது வாடை. மேற்கேயிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பது கச்சான். காற்று மேலே என்றால் அதற்குக் கீழே தண்ணீருக்குத் தனி ஓட்டம். தெற்கேயிருந்து வடக்கே ஓடினால் அது தெண்டி. வடக்கேயிருந்து தெற்கே ஓடினால் வன்னி. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த வலையை எங்கே போடுவது என்று தீர்மானிப்பார்களாம். பாயை மட்டும் நம்பிப் போன காலத்தில், விடியுமுன் கரைக்காற்றில் வெளியே போய், மத்தியானம் கடற்காற்றில் திரும்பி வருவார்கள். இயந்திரம் வந்த பிறகு போக வரச் சிரமம் இல்லை. ஆனால் மீனுக்கு இயந்திரம் வரவில்லையே! அது இன்னமும் பழைய காற்றையும் பழைய ஓட்டத்தையும்தான் நம்பியிருக்கிறது. ஆகையால் இவர்களும் நம்பியிருக்கிறார்கள்.

"இதெல்லாம் எங்கே எழுதி வெச்சிருக்கு, பெரியவரே?" என்று நண்பர் பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டே கேட்டார்.

"எழுதி வெச்சா, கடல் படிச்சுட்டா வருது?" என்றார் அவர்.

நண்பர் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். அன்று அவருடைய ஜாபிதாவில் கோட்டை ஒன்றும் ஏறவில்லை.

*

மறு வாரம் கோவளம் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஒரு கோட்டை இருந்தது. 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்துத் தகர்த்துவிட்டார். அந்தப் பக்கம் இன்று வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் பெரிய ஹோட்டல் இருக்கிறது. தர்காவும் மாதா கோவிலும் அம்மன் கோவிலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறார்கள். அவர்களைப் பார்த்தபோது எனக்குக் கட்டுமரம் ஞாபகம் வந்தது. நாலு மரத்தைக் கயிற்றால் கட்டி அலைமேல் நின்றவனின் பேரன், இன்று ஒற்றைப் பலகையில் நிற்கிறான். 'காட்டமரான்' என்று ஆங்கில அகராதிக்குள் போயிருக்கும் சொல் நம்முடைய கட்டுமரம்தான். சொல் உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பொருள் மட்டும் சொந்தக் கரையில் அநேகமாகக் காணாமற் போய்விட்டது. 2004-க்குப் பிறகு எங்கே பார்த்தாலும் கண்ணாடியிழைப் படகுதான்.

மாமல்லபுரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைப் பற்றி எழுதாதவர்கள் தமிழ்நாட்டில் சொற்பம். அதற்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினத்துக்குப் போவோம். வெள்ளைக்காரர் வாயில் அது சதராஸ் ஆயிற்று. டச்சுக்காரர்கள் அங்கே கடலைப் பார்த்தாற்போல் ஒரு செங்கல் கோட்டை கட்டிக்கொண்டு, நேர்த்தியான பருத்தித் துணிகளை வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1782 பிப்ரவரி 17-ல் அந்தக் கரைக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் சண்டையிட்டன. 1824-ல் லண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதோடு இந்தியாவில் டச்சுக்காரர்களுக்கு இருந்த கோட்டை கொத்தளமெல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இன்று பக்கத்தில் கல்பாக்கத்து அணுமின் நிலையம். கோட்டைக்குள் இருப்பது சில கிடங்குகளும், இடிந்த சுவர்களும், ஒரு சின்னக் கல்லறைத் தோட்டமும்தான்.

அந்தக் கல்லறைகளைப் பார்த்ததும் நண்பருக்கு நிலை கொள்ளவில்லை. கருங்கல்லில் கப்பலும் மண்டையோடும் மாலையுமாக எவ்வளவு நுணுக்கமான வேலை! தவழ்ந்து தவழ்ந்து எழுத்துக்களைப் படித்தார். நான் வெளியே வந்தேன். மதில் நிழலை ஒட்டி ஓர் அம்மாள் சாக்கு விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே அந்த ஐயா என்னத்தைத் தேடறாரு?" என்று கேட்டாள்.

"டச்சுக்காரங்க கட்டின கோட்டையம்மா இது. அதைப் பார்க்கிறார்" என்றேன்.

"கட்டினவங்க எங்கே இப்போ?"

"போய் இருநூறு வருஷம் ஆச்சு."

அவள் ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "அதானே! எங்க ஆயா காலத்துலேயும் இது இடிஞ்சுதான் கெடந்துச்சாம்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தில் நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது போல் இருந்தது. கோட்டை இடிந்துகொண்டிருந்த காலமெல்லாம் அதற்கு எதிரே ஒரு குப்பம் இருந்துகொண்டிருந்தது. அதை யாரும் எந்த உடன்படிக்கையிலும் எழுதவில்லை. எழுதாததால் யாரும் யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

சம்புவராயர் காலத்தில் இந்த ஊருக்கு இராஜநாராயணன் பட்டினம் என்று பெயர். அரசர்கள் தங்கள் பெயரைப் பட்டினத்துக்கு வைப்பதில் ஆசை உள்ளவர்கள். அரசர் போனதும் பெயரும் போய்விடும். அன்று இரவு என் மனத்தில் நானும் ஒரு ஜாபிதா போட ஆரம்பித்தேன். நண்பர் பட்டினங்களை எண்ணட்டும். நான் குப்பங்களை எண்ணுகிறேன் என்று.

*

நாலு நாள் பிரயாணத்தில் முதல் நாள் ஆலம்பரையும் மரக்காணமும் பார்த்தோம். ஆலம்பரைக் கோட்டை நவாபுகள் காலத்தில் எழுந்தது. 1750-ல் டூப்ளேக்கு வெகுமதியாகக் கிடைத்தது. 1760-ல் ஆங்கிலேயர் கைக்குப் போய் இடிபட்டது. பத்து வருஷம்! எங்கள் முறிந்த பாலத்தின் ஆயுசுதான். மரக்காணத்தில் கிரேக்க வியாபாரி சொன்ன துறைமுகத்தைத் தேடினால் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளம். வெயிலில் வெள்ளை வெளேர் என்று கண் கூசுகிறது. அங்கே நிற்கும்போது, சோபட்மாவுக்குக் கப்பலில் வந்தவன் வாங்கிப் போன சரக்கு என்ன என்று தெரியாவிட்டாலும், மீனும் உப்பும் அன்றைக்கும் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டாகவில்லை.

மறுநாள் புதுச்சேரி. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேட்டைப் பார்த்தோம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோமாபுரியின் மதுச்சாடித் துண்டுகளையும் இத்தாலிய மட்பாண்டங்களையும் எடுத்தார். இன்று மாமரத்தோப்பும் ஒரு பாழ் கட்டடமும்தான். நண்பர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாசிமணி கிடைக்குமா என்று ஆசை. அங்கிருந்து கடற்கரைக்குப் போனால் வீராம்பட்டினம். பெயரில் பட்டினம், ஆனால் ஜீவனுள்ள மீனவர் ஊர். அங்கே செங்கழுநீர் அம்மன் கோவில் இருக்கிறது. அம்மன் மீனவர் வலையில் மரக்கட்டையாக வந்தவள் என்பது ஐதிகம். ஆடித் தேரோட்டத்தன்று வடம் பிடிக்கக் கவர்னர் வர வேண்டும். பிரெஞ்சுக் கவர்னர்கள் வந்தார்கள். அவர்கள் போன பிறகு துணைநிலை ஆளுநர் வருகிறார். ரோமாபுரி போயிற்று, பிரான்ஸ் போயிற்று. அம்மன் இன்னமும் கவர்னரை வரவழைத்துக்கொண்டிருக்கிறாள்!

அதுவரையில் என் ஜாபிதா சந்தோஷமாக வளர்ந்துகொண்டிருந்தது. பட்டினங்கள் அழியும், குப்பங்கள் அழியா என்று ஒரு சித்தாந்தமே தயாராகிவிட்டது. புதுச்சேரிக்கு வடக்கே போனதும் சித்தாந்தம் ஆட்டம் கண்டது.

விஷயம் இதுதான். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்து அலைகள் தெற்கேயிருந்து சாய்வாக வந்து கரையில் மோதி, மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆனால் அது சில மாதந்தான். மொத்தத்தில் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்கிற யாத்திரிகன். ஒவ்வோர் ஊர்க் கரையும் தெற்கே உள்ள ஊர் அனுப்பின மணல். அதுவும் வடக்கே உள்ள ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிற மணல். இடையிலே யாராவது கடலுக்குள் கல்சுவர் நீட்டினால் யாத்திரிகன் அங்கேயே தங்கிவிடுகிறான். சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே கடல் மட்டும் வழக்கப்படி மணலை எடுத்துக்கொண்டு போகும். கொடுக்க ஆள் இல்லை.

சென்னையில் இந்தக் கதை ஒரு தரம் நடந்துவிட்டது. 1870-களில் துறைமுகச் சுவர் எழுந்ததும் அதற்குத் தெற்கே மணல் குவிந்தது. அந்த மணலைப் பார்த்து மகிழ்ந்து கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் உலாவும் சாலை போட்டார். அதுதான் மெரீனா. நாம் சுண்டல் சாப்பிடுகிற மணலெல்லாம் வடக்கே ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டிய மணல். அந்தப் பக்கத்து மீனவர்கள் கரையை இழந்தார்கள்.

புதுச்சேரியிலும் அதே கதை. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் கட்டினார்கள். தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் அகன்றது. வடக்கே நகரத்தின் அழகிய கடற்கரை மறைந்து, கருங்கல் பாறைகள் கொட்டப்பட்டன. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் ஆகிய ஊர்களில் படகு இழுத்து வைக்க இடமில்லாமல் போயிற்று. அங்கே கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அது வடக்கே நடந்துகொண்டே போயிருக்கிறது. கடலுக்கு மாகாண எல்லை தெரியாது. 2018-ல் நகரத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஒரு தடுப்பை அமைத்த பிறகு, காந்தி சிலைக்கு வடக்கே ஓரளவு மணல் திரும்பி வந்திருக்கிறது. மனிதன் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது அடையாளம். ஆனால் எல்லாக் குப்பத்துக்கும் அப்படி நடக்கவில்லை.

வடக்கே ஒரு குப்பத்தில், பாதி விழுந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், "கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது, ஐயா?" என்று கேட்டேன்.

"கடல் வரலீங்க. மணல் போயிடுச்சு" என்றார்.

அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கரைவலை இழுப்பவர்கள் இரண்டு அணியாக நின்று, காலை மணலில் ஊன்றிப் பின்னால் பின்னால் நடந்து வலையை இழுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னால் நடக்க மணல் வேண்டும். கல்லின் மேல் நின்று கரைவலை இழுக்க முடியாது. மீன் ஏலம் போட, கருவாடு காய, வலை பிரிக்க, படகு நிறுத்த, பிள்ளைகள் விளையாட, செத்தவர்களைக் கிடத்தி அழ, எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான் கூடம், முற்றம், ஆபீஸ். நாம் அதைப் பார்த்து, "சும்மா கிடக்கிற இடம்" என்கிறோம்.

குப்பங்கள் இத்தனை காலம் பிழைத்துக் கிடந்த ரகசியம் எனக்கு அங்கேதான் விளங்கிற்று. கோட்டை கட்டினவன் கடலுக்கு முன்னால் அசையாமல் நின்றான். குப்பத்தான் கடல் இரண்டு அடி வந்தால் மூன்று அடி பின்னால் போனான். கட்டுமரத்தை அவிழ்த்து உலர்த்தி மறுபடி கட்டுகிற மாதிரி, பனையோலை வீட்டையும் அவிழ்த்துப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினான். கடல் போனால் திரும்பவும் முன்னால் வந்தான். பின்னால் போக இடம் இருந்த வரையில் அவனை எதுவும் அசைக்க முடியவில்லை. இன்று பின்னால் சாலை இருக்கிறது. சாலைக்கும் குப்பத்துக்கும் நடுவே மதில் போட்ட பங்களா இருக்கிறது. முன்னால் மணல் இல்லை. அவனையும் நாம் கோட்டைக்காரன் மாதிரி அசையாமல் நிற்கும்படி செய்துவிட்டோம்.

*

பூம்புகாரில் அதிக நேரம் தங்கவில்லை. சிலப்பதிகாரத்தில் அந்த நகரம் இரண்டு பாகமாக வர்ணிக்கப்படுகிறது. அரசரும் பெருவணிகரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். கடலை ஒட்டி, மீன் விற்பவர்களும் உப்பு விற்பவர்களும் கைத்தொழிலாளரும் யவனரும் வாழ்ந்தது மருவூர்ப்பாக்கம். பட்டினப்பாக்கத்தைத் தேடித் தொல்பொருள் இலாகாவினர் பூமியைத் தோண்டியிருக்கிறார்கள். மருவூர்ப்பாக்கத்தைத் தேட வேண்டியதில்லை. கடற்கரையில் படகுகளும் வலைகளும் மீன் கூடைகளுமாக, பெயர் மாறி, அது இருந்துகொண்டிருக்கிறது.

கடைசியாகத் தரங்கம்பாடி. நண்பரின் நோட்டுப் புத்தகத்தில் அதற்கு மட்டும் ஆறு பக்கம். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706-ல் சீகன்பால்க் வந்து இறங்கினார். சில வருஷத்தில் அச்சுக்கூடம் வந்தது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. தமிழில் எழுதிப் பிழைக்கும் எவனும் அந்த மணலுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், நானும் போட்டேன். 1845-ல் டேனிஷ்காரர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இன்று செப்பனிடப்பட்டு அழகாக இருக்கிறது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோவில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் முன்பாகத்தைக் கடல் தின்றுவிட்டது. அந்தக் கோவில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்ற குலசேகரபட்டினம். பார்த்தீர்களா? இங்கேயும் அரசர் வைத்த பட்டினம் போய்விட்டது. பாடி நிற்கிறது.

ஆனால் தரங்கம்பாடியில் குப்பம் அழியாது என்று உரக்கச் சொல்ல நாக்கு எழவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் வந்த அலை, அப்போதைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. மீனவர் தெருவில் அந்தத் தேதியைச் சொல்லாமல் யாரும் எந்தக் கதையையும் ஆரம்பிப்பதில்லை. "அலைக்கு முன்னே", "அலைக்குப் பின்னே" என்று காலத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

அலைக்குப் பின்னே, 2005 மார்ச்சில் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் விரும்பினால் அப்பால் புதிய வீடு பெறலாம். ஆனால் கரையில் இருந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அங்கேயே இருக்கிறேன் என்றால் இருக்கலாம். புது வீட்டுக்கு உதவி கிடையாது. உத்தரவு போட்டவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. இன்னொரு அலை வந்தால் யார் ஜவாப் சொல்வது? ஆனால் புதிய வீட்டில் குடியேறிய ஒரு பாட்டி எங்களிடம் சொன்னாள்:

"வீடு நல்ல வீடுதான், தம்பி. மழை ஒழுகலை. ஆனா ராத்திரி கடல் சத்தம் கேக்கலை. சத்தம் கேட்டாத்தானே காலையிலே தொழிலுக்குப் போலாமா வேணாமான்னு தெரியும்?"

அவளுடைய மருமகள் குறுக்கே சொன்னாள்: "எனக்கு அந்தச் சத்தம் கேக்காம இருந்தாப் போதும், அத்தே."

மாமியார் பதில் பேசவில்லை. அலை அந்த வீட்டில் யாரைக் கொண்டுபோயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டு பேர் சொன்னதும் நியாயம். இதில் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை சைதாப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவனுக்கு இல்லை. ஆனால் வெளியே வந்ததும் ஒரு மீனவ இளைஞன் எங்களோடு கூட நடந்து வந்து, மெதுவாக ஒன்று சொன்னான். "நாங்க பின்னாலே போறதைப் பத்தி இல்லே, சார். எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் பின்னாலே போனவங்கதான். ஆனா திரும்ப முன்னாலே வரலாம்னு அவங்களுக்குத் தெரியும். நாங்க விட்டுக் குடுத்த இடத்திலே நாளைக்கு வேற யாராச்சும் வந்து சுவர் கட்டினா, அப்போ கடல் அவங்களை மட்டும் ஒண்ணும் பண்ணாதா?"

நண்பர் வெகு நேரம் பேசாமல் நடந்தார். கோட்டை வாசலில் உட்கார்ந்ததும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"ஒரு விஷயம் கவனித்தீர்களா, சார்? இந்தக் கரை முழுவதும் மீன் பிடிக்கிற சமூகத்தாரில் பெரும்பாலோருக்குப் பட்டினவர் என்று பெயர். பட்டினத்தில் இருப்பவர்கள் என்று அர்த்தம். நான் ஆறு மாதமாகப் பட்டினம் எங்கே, பட்டினம் எங்கே என்று செங்கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பட்டினவர்கள் எதிரே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

அவருடைய ஜாபிதாவும் என்னுடைய ஜாபிதாவும் ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது. அதிலிருந்து அவருடைய நோட்டில் கோட்டைகளுக்கு எதிரே குப்பங்களின் பெயரும் ஏற ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், மணல் எவ்வளவு அகலம் என்று காலடியால் அளந்து எழுதிவைக்கிறார். அடுத்த வருஷம் போய் மறுபடி அளக்கப் போகிறாராம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் பறந்து போகும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்தி, கிழக்கே திரும்பும் சின்னத் தெருவில் கடைசி வரைக்கும் நடந்து பாருங்கள். மணல் இருந்தால் அங்கே ஒரு பெரியவர் படகு நிழலில் உட்கார்ந்திருப்பார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று அவர் கேட்டால், சொல்லத் தெரியாவிட்டால் பாதகமில்லை. அவர் சொல்லிக் கொடுப்பார். அவர் உட்கார அந்த மணல் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.